சீசன் கூட்டத்தில் மூன்று சக்கர வண்டி

சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்தாறு கிலோமீட்டர் சாலையில் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும். அந்த வரிசையில், பின்னால் இருபுறமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்களையும் பார்க்கலாம். கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு இலவசமாகத் தரும் இணைப்புச் சக்கர பெட்ரோல் ஸ்கூட்டர் அது. எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம் இருக்கும். ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் மூன்று சக்கர வண்டிதான்.

தென்காசி பக்கத்துக்காரர்களுக்கு இந்த வண்டிகள் புதிதில்லை. பக்கத்து ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு எப்படி வழி விடுவது என்று இங்கே பலருக்குத் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளியூரிலிருந்து வந்து குவிகிற கூட்டத்துக்கு அது தெரியாது. வண்டி ஓட்டுபவர் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

முன்னாலிருந்து பார்த்தால் இது சாதாரண ஸ்கூட்டர் மாதிரியே தெரியும். எதிரே வருபவர் அந்த அளவுக்குத்தான் ஒதுங்குவார். பின்சக்கரம் அவர் காலில் ஏறும். ஓட்டுபவருக்கும் இதே மயக்கம் உண்டு. ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டியே நுழைந்துவிடும் என்று தோன்றும். பள்ளத்தில் இறங்காமல் முன்சக்கரத்தை ஒடித்துத் தப்பித்தாலும், பக்கச் சக்கரம் அதே பள்ளத்தில் இறங்கும். ஊன்றுகோலைக் குறுக்காகக் கட்டியிருந்தால் அகலம் இன்னும் கூடும். அதை நெடுக்காகக் கட்டுவதே நல்லது.

திருப்பம்தான் பெரிய சோதனை. பைக் ஓட்டுபவர் வளைவில் சாய்ந்து திரும்புவார். இந்த வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் பாரமெல்லாம் வெளிப்பக்கம் போய், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். காலை ஊன்றிச் சமாளிக்கவும் வழியில்லை. வளைவுக்குள் பிரேக் பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐந்தருவிச் சாலையில் இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு ரூபாய் மிச்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது.

மெயினருவிப் பக்கம் கடைவீதிக்குள் வந்தால் கதை வேறு. ஈரத்துணியோடு ஆட்கள், ரம்புட்டான் கூடைகள், அம்மா கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளைகள். எண்ணெய்க்கும் ஷாம்பூவுக்கும் அருவிக்கரையில் தடை உண்டுதான். ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்ட உடம்பிலிருந்து வழிவதைத் தடை போட்டு நிறுத்த முடியுமா? அந்த வழுவழுப்பான தரையில் சட்டென்று பிரேக் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். பிரிட்டனில் நடைபாதையில் ஓடும் இத்தகைய பேட்டரி வண்டிக்கு உச்ச வேகமே மணிக்கு 4 மைல், அதாவது 6 கிலோமீட்டர் சொச்சம். விறுவிறுவென்று நடக்கிற ஓர் ஆளின் வேகம். குற்றாலக் கடைவீதிக்கும் அதுவே போதும். அந்தக் கூட்டத்தில் இன்ஜின் இருப்பது அவர் ஒருவரிடம்தானே! முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. “அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க” என்ற ஒரு குரல் போதும்.

நடப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. சாய்தளத்தின் வாயில் பைக்கை நிறுத்திவிட்டு, “அஞ்சு நிமிஷம்தான் சார்” என்பது எந்த ஊர் நியாயமோ! அந்த ஐந்து நிமிடமும் ஒருவர் சாரலில் நனைந்தபடி காத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், கேட்காமலே ஓடி வந்து வண்டியைப் பிடித்துத் தள்ளுபவர்கள். நல்ல மனசுதான். ஆனால் பேட்டரி சக்கர நாற்காலியில், கையை எடுத்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருக்கும். தள்ளுவதற்காக அதன் லீவரை விடுவித்துவிட்டால் அந்தப் பிரேக் வேலை செய்யாது. சரிவில் அது உருளத் தொடங்கினால் பிடிக்கப் பத்துப் பேர் வேண்டும். முதலில், “பிடிக்கட்டுமா?” என்று கேட்கலாம். அவர் ‘வேண்டாம்’ என்றால் விட்டுவிடலாம்.

எங்கே நிறுத்துவது என்பதை அருவியைப் பார்க்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தப்பித்தால் போதுமென்று ஓடினார்கள். அப்படி ஒரு கூட்டம் ஓடிவரும்போது, படிக்கட்டு ஓரத்தில் அருவியைப் பார்த்தபடி நிற்கும் வண்டியைத் திருப்பவே முடியாது. பல வண்டிகளில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. சற்று மேட்டில், வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிறுத்தினால் முதல் ஆளாகக் கிளம்பிவிடலாம். காவலர் விசில் ஊதியதும், அருவி இன்னும் வெள்ளையாகத்தானே விழுகிறது என்று தாமதிக்கக் கூடாது.

சாரலுக்கு பேட்டரி வண்டியின் சுவிட்சுகளை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிக்கொள்வது உத்தமம். அந்தப் பையில் தின்பண்டம் மட்டும் இருக்கக் கூடாது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு வண்டியில் இருப்பவர் யார் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.