காற்றுக்கும் ஒரு வாசல் வையுங்கள்



ஓய்வுக்குப் பிறகு கே.கே. நகர் வீட்டின் அண்டர்கிரவுண்டு அறையில் மரவேலை பழகுகிறேன். பேத்திக்குப் படிப்பு மேசை செய்தேன். மேசையோடு இருமலும் வந்தது. "முப்பது வருஷ சாக்பீஸ் தூசியே ஒன்றும் செய்யவில்லை, இது என்ன செய்யும்?" என்று வீம்பாக இருந்தேன். தவறு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பல பிளைவுட் பசைகளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவுதான். பெரிய தூள் தரையில் விழும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மணிக்கணக்கில் மிதக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன். பயனில்லை. உள்ளே வர வழியில்லாமல் காற்று எப்படி வெளியே போகும்? நானே வகுப்பில் நடத்திய பாடம்! எதிர்ப்பக்கக் கதவின் கீழே ஜாலி வைத்த பிறகுதான் காற்று ஓடியது. தூளைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, ஜாலி அருகே ஊதுவத்தி காட்டிப் பாருங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி.

என் கருத்து இதுதான்: வீடு கட்டும்போது டைல்ஸ் தேர்வுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது காற்றுக்குக் கொடுங்கள். வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள், கூட வேலை செய்பவருக்கும் சேர்த்து என்95 முகக்கவசம் வாங்குங்கள். எனக்குப் பென்ஷன் இருக்கிறது. அவருக்கு உடம்புதான் முதல்.

மதுரைக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஊதுவத்திச் சோதனையைச் செய்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்