விளையாட்டுப் பந்தயமும் கிரிப்டோ நாணயமும்

2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. ரொக்கப் புத்தகத்தின்படி இருக்கவேண்டிய கையிருப்பில் 41,600 ரூபாய் குறைந்தது. எழுத்தர் இருபத்து நான்கு வயது இளைஞர். அச்சங்கத்து நெசவாளர் ஒருவரின் மகன். நூல் வாங்க முன்பணம் கொடுத்ததாக முதலில் கூறினார். பற்றுச்சீட்டைக் கேட்டதும் தலை குனிந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார். ஜூன் 6 ஆம் நாள் டல்லாஸ் நகரில் பாகிஸ்தானை அமெரிக்க அணி வென்றது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். பாகிஸ்தானின் வெற்றி உறுதியென நம்பி அன்று அவர் இழந்தது 9,000 ரூபாய். எஞ்சிய 32,600 ரூபாயும் அந்த ஒன்பதாயிரத்தை மீட்கும் பொருட்டுக் கட்டப்பட்டது.

பந்தயம் நம் மக்களுக்குப் புதிதன்று. சேவற்கட்டையும் ரேக்ளா ஓட்டத்தையும் நம் ஊர்கள் அறியும். சூதுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நம் எழுத்தரும் பள்ளியில் அதனை மனனம் செய்தவர்தாம். ஆகவே அறநூலை எடுத்துக்காட்டி அமைந்துவிட நமக்கு மனமில்லை. புதிதாக வந்திருப்பது எது என்பதைப் பார்க்கவேண்டும். 2003 இல் தடை செய்யப்படும் வரை தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்றவர் தெருமுனையில்தான் நின்றார். கூலியைப் பறிகொடுத்தவரின் மனைவி அவரிடம் சென்று சண்டையிட முடிந்தது. இன்று கைப்பேசி வழியே பந்தயம் பிடிப்பவரோ கரீபியன் கடலிலுள்ள குராசோ போன்றதொரு தீவில் உரிமம் பெற்றிருக்கிறார். அவருக்குப் பணம் ரூபாயாகவும் செல்வதில்லை. கிரிப்டோ நாணயமாகச் செல்கிறது.

இந்நாணயங்களுள் மூத்ததாகிய பிட்காயின் 2009 இல் தோன்றியது. எந்த அரசும் எந்த மத்திய வங்கியும் அதற்குப் பொறுப்பன்று. யார் யாருக்கு அனுப்பினார் என்பது உலகெங்குமுள்ள கணினிகளில் ஒரு பொதுப் பேரேடாகப் பதிவாகிறது. பேரேடு என்றதும் நம்மவர்க்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆனால் இந்தப் பேரேட்டில் ஆட்பெயர் கிடையாது. தவறாக அனுப்பிய தொகையைத் திருப்பி எழுத எவருக்கும் அதிகாரமில்லை. தணிக்கையில் குறை கேட்க அலுவலரும் இல்லை, பேரவையில் எழுந்து கேள்வி கேட்கும் அங்கத்தினரும் இல்லை.

பந்தயக் கணக்கை ஒரு முறை எழுதிப் பார்த்தல் நலம். சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன. இருவர், ஆளுக்கு ஓர் அணியின் மேல், 100 ரூபாய் கட்டுகின்றனர். வென்றவருக்கு 200 ரூபாய் கிடைக்கவேண்டும். பந்தயக்காரர் தருவதோ 190 ரூபாய். எவ்வணி வென்றாலும் அவருக்குப் பத்து ரூபாய் உறுதி. ஆயிரம் ரூபாயை இருபது முறை கட்டுபவர், சராசரியில், ஆயிரம் ரூபாயை அத்தீவுக்குக் காணிக்கையாக வைத்துவிடுகிறார். நமது சங்கமும் சேலையின் மேல் ஓர் ஆதாயம் வைக்கிறது. அது போனஸாகவும் பங்காதாயமாகவும் நெய்தவர் வீட்டுக்கே திரும்புகிறது. மேலும், இக்காலத்தில் வெற்றி தோல்விக்கு மட்டுமன்றி ஒவ்வோர் ஓவருக்கும் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பந்தயம் உண்டு. இருபது முறை கட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

சரி, வென்றவர் நிலை என்ன? 2024 ஜூன் முதல் வாரத்தில் ஒரு பிட்காயினின் விலை 70,000 டாலருக்கு மேல் இருந்தது. இறுதி வாரத்தில் ஏறத்தாழ 61,000 டாலராக இறங்கியது. பந்தயத்தில் வென்று, வென்றதைப் பிட்காயினாகவே வைத்திருந்தவர், உலகக் கோப்பை முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார். டாலருக்கு நிகராக நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் ஏறக்குறைய மதிப்பற்றுப் போனது.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. நாணயத்தை ரூபாயாக்க விரும்புபவர் பெரும்பாலும் முன்பின் அறியாத ஒருவருக்கு அதனை விற்று, யுபிஐ வழியாகப் பணம் பெறுகிறார். அப்பணம் வேறெங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் 1930 என்னும் எண்ணில் முறையிட்டதும், பணம் சென்ற வழியிலுள்ள வங்கிக் கணக்குகள் முடக்கப்படுகின்றன. நெசவுக் கூலியும் பால் பணமும் நெல் கொள்முதல் தொகையும் வந்து சேர்வது அதே கணக்கில்தான். விதை வாங்கும் நாளில் கணக்கு முடங்கினால், வெளி மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் தீவில் இருப்பவரை அச்சட்டம் எட்டிப் பிடிப்பது எளிதன்று. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30 ஆம் பிரிவே கூறுகிறது. வென்ற தொகையைத் தராவிடில் வழக்கிடவும் வழியில்லை. இத்தனைக்குப் பிறகும் இதனை 'முதலீடு' என்று இளைஞர்கள் அழைப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறு. அவ்வெழுத்தரின் தந்தை ஆய்வன்று நம்மிடம் சொன்னார்: "ஜூன் பாதியிலேயே பையன் சரியாகச் சாப்பிடவில்லை, ஐயா. சங்கத்தில் சொன்னால் மானம் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்." அப்பொழுதே சொல்லியிருந்தால் பெருந்தொகை தப்பியிருக்கும். தோற்றவரைத் திண்ணையில் உட்காரவைத்து நகைக்கும் வழக்கம் நம் சங்கங்களில் இருக்கும் வரை ஒருவரும் சொல்லமாட்டார். சொல்லாதவர் லேவாதேவிக்காரரிடம் போவார். அல்லது கையிலுள்ள பொதுப் பணத்தைத் தொடுவார். தானே முன்வந்து சொல்லும் அங்கத்தினரின் கடன் தவணையை நீட்டித்துக் கொடுக்க நிர்வாகக் குழுக்கள் விதிக்குட்பட்டு முன்வரவேண்டும். அவருக்குப் புதிய ரொக்கக் கடன் மட்டும் கூடாது. விதையும் நூலும் பொருளாகவே கொடுக்கலாம். இது சூதாடிக்குச் சலுகை என்று சிலர் சினக்கக்கூடும். வாராக் கடன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சினக்கட்டும்.

நம் குறையையும் மறைப்பதற்கில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நாம் அச்சங்கத்துக்குச் சென்றபோதே, துணைவிதி அனுமதிக்கும் அளவுக்கு மேல் ரொக்கம் கையில் இருந்தது. 'குறைத்துக்கொள்ளவும்' என்று ஒரு சொல் எழுதி வந்துவிட்டோம். அன்றே நின்று, மிகையான பணத்தை மத்தியக் கூட்டுறவு வங்கியில் கட்டவைத்துச் செலுத்துச் சீட்டைப் பார்த்திருக்கவேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்; செயலாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலையில் கண்ட குறைவை நாம் அறிக்கையாக எழுதினோம், வேறு வழியில்லை. இளைஞர் வேலை இழந்தார். தந்தை, மனைவியின் நகையை அடகு வைத்து 20,000 ரூபாயைக் கட்டினார். மீதி 21,600 ரூபாயை மாதம் 1,800 வீதம் தம் நெசவுக் கூலியில் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் தவணை 2025 ஜூலையில் வரவு வைக்கப்பட்டது. நகை இன்னும் மீட்கப்படவில்லை என்று அப்போது கேள்விப்பட்டோம்.