மைதானத்தில் எதற்குப் போர்க்கொடி?

"கொடி வெறும் துணிதானே, ஆடிவிட்டுப் போகட்டுமே!" என்பார்கள் சிலர். மெல்போர்னில் நடந்ததைக் கேளுங்கள்.

2023 ஜனவரி 16. ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் தொடங்கிய நாள். உக்ரைன் வீராங்கனை பைண்டலும் ரஷ்ய வீராங்கனை ரகிமோவாவும் மோதினார்கள். ஆட்டக்களத்தை ஒட்டினாற்போல் ரஷ்யக் கொடி! உக்ரைனில் ரஷ்யக் குண்டுகள் விழ ஆரம்பித்து அப்போது ஏறக்குறைய 11 மாதம். இதுவா உற்சாகப்படுத்துவது? வீடு பற்றி எரிகிறவள் முன்னால் தீப்பெட்டியை ஆட்டிக் காட்டுகிற வேலை!

மறுநாளே ரஷ்யா, பெலாரஸ் கொடிகளுக்குத் தடை விழுந்தது. சரியான முடிவு. 'கலாட்டா செய்யாதவரை கொண்டு வரலாம்' என்று முதலில் விட்டதுதான் தப்பு.

ஆனால் கொடியைத் தடுப்பது வேறு, ஆளைத் தடுப்பது வேறு. 2022ல் விம்பிள்டன்காரர்கள் அந்த இரு நாட்டு ஆட்டக்காரர்களையே வேண்டாம் என்றார்கள். என்ன ஆச்சு? மகளிர் பட்டம் வென்ற ரிபாகினா ஆடியது கஜகஸ்தானுக்காக, பிறந்தது மாஸ்கோவில்! அடுத்த வருஷமே அந்தத் தடையைக் கைவிட்டார்கள்.

மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் அதே ரிபாகினாவை வென்றவர் பெலாரஸின் சபலென்கா. பெயருக்குப் பக்கத்தில் கொடி இல்லை. அதனால் கோப்பையின் கனம் குறைந்தா போச்சு?

"படையெடுத்தவர் யார் என்று யார் சொல்வது?" நியாயமான கேள்வி. ரஷ்யா விஷயத்தில், 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டித்து ஓட்டுப் போட்டன. அந்த அளவு தெளிவில்லாத சண்டை என்றால், இரண்டு பக்கத்துக் கொடியையும் வாசலிலேயே வாங்கி வைக்கட்டும். ஆனால் டிக்கெட் விற்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.