பழைய சீமைக் கார்

எட்டு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு புதிய சிறிய கார் ஒன்று வாங்கலாம். அதே தொகைக்கு, பத்து வருஷத்துக்கு முன்னால் நாற்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற ஜெர்மன் கார் ஒன்றும் அகப்படும். இரண்டில் எதை வாங்குவது? அவிநாசி, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பிள்ளை ஜெர்மன் கார்தான் வேண்டுமென்கிறான், தகப்பனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசனையில் ஆழ்கிறார், வீட்டு அம்மாள், "ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். மூவரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அந்த அம்மாள்தான் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சீமைக் காருக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவிநாசியை ஒட்டிப் போகிறது. அந்தச் சாலையில் வேகமாகப் போகும்போது ஆட்டமின்றித் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதிலும், பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் நிற்பதிலும் நல்ல ஐரோப்பிய வண்டிக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் பெயரை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை. 2014-ஆம் வருஷம் குளோபல் என்கேப் என்ற ஸ்தாபனம் இந்தியாவில் விற்ற வோக்ஸ்வாகன் போலோ காரை மோதிப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத வண்டிக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. இரண்டு காற்றுப்பை வைத்த அதே வண்டிக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதன் பிறகே காற்றுப்பை இல்லாத ரகத்தைக் கம்பெனி நிறுத்தியது. ஆகவே அந்தக் காலத்துப் போலோவை வாங்குகிறவர் பெயரைப் பார்க்குமுன் காற்றுப்பையைப் பார்க்க வேண்டும்.

இனி விலை விஷயம். நாற்பது லட்சம் எட்டு லட்சமாக இறங்கியது நமக்கு அடித்த அதிருஷ்டம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இறங்கியது வண்டியின் விலைதான். அதன் உதிரிச் சாமான்களின் விலை இறங்கவில்லை. முன்விளக்கு உடைந்தால் கடைக்காரர், "இது பழைய வண்டி ஆயிற்றே!" என்று இரக்கப்பட்டுக் குறைக்கமாட்டார். நாற்பது லட்ச ரூபாய்க் காருக்குரிய விளக்கின் விலையையே கேட்பார். எட்டு லட்சம் கொடுத்து வாங்கியவர் உண்மையில் நாற்பது லட்ச ரூபாய் வண்டியைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். முதல் சொந்தக்காரர் விற்றதற்கும் விலை இவ்வளவு இறங்கியதற்கும் பல சமயம் இதுவே காரணம்.

அப்படியானால் ஐரோப்பியக் கார் என்றாலே செலவுதானா? அல்லவே! நம் பாட்டனார் காலத்து அம்பாஸடர் பிறப்பில் இங்கிலீஷ்கார மாரிஸ் ஆக்ஸ்போர்டு. பிரிமியர் பத்மினி பிறப்பில் இத்தாலியப் பியட். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்து தேசத்துச் சந்ததியே. இவை எந்தக் கிராமத்தில் நின்றாலும் ஒரு மெக்கானிக் வந்து ஓட்டிவிட்டுப் போனார். காரணம், உதிரிச் சாமான்கள் நம் நாட்டிலேயே தயாராயின. அம்பாஸடர் 1957 முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தியாயிற்று.

இன்னொரு உதாரணம். பியட் கம்பெனியின் 1.3 லிட்டர் டீசல் இஞ்சினை உரிமை பெற்று மாருதிக்காக இந்தியாவிலேயே செய்தார்கள். 2007 முதல் 2020 வரை ஸ்விப்ட் காரில் அது ஓடிற்று. அதை ஜப்பான் இஞ்சின் என்றே எண்ணியிருந்தவர்கள் எத்தனையோ பேர்! இத்தாலிய இஞ்சின் என்று யாரும் பயப்படவில்லை. ஊருக்கு ஊர் அதற்குச் சாமான் கிடைத்தது.

எனவே ஒரு வண்டி எந்தத் தேசத்தில் பிறந்தது என்பது முக்கியமன்று. அதன் சாமான் எந்த ஊரில் கிடைக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே முக்கியம். 1990-களின் நடுவில் பிரெஞ்சுக் காரான பெஷோ 309 ஆரவாரத்துடன் இந்தியாவுக்கு வந்தது. சில வருஷங்களில் உற்பத்தி நின்றுவிட்டது. வாங்கியவர்கள் சாமானுக்கு அலைந்தார்கள். பியட் கம்பெனியும் 2019-இல் இங்கே தன் பெயரில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. பி.எம்.டபிள்யூ. கார்களைச் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள தொழிற்சாலையில் 2007 முதல் கோக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் கோப்பது வேறு, செய்வது வேறு. முக்கிய உறுப்புகள் பல கடல் கடந்தே வந்திருக்கின்றன. இதற்கு மாறாக, 2021-இல் வெளிவந்த ஸ்கோடா குஷாக், வோக்ஸ்வாகன் டைகூன் ஆகியவற்றின் பெரும்பாலான பாகங்கள் இந்தியாவிலேயே தயாராகின்றன. பழைய சீமைக் கார் வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்து வாங்கலாம்.

விசித்திரம் என்னவென்றால், இந்த ஞானத்தை அவிநாசி, திருப்பூர்க்காரர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஓடிய பழைய நிட்டிங் மிஷினை இங்குள்ள பனியன் கம்பெனிக்காரர் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மிஷினின் பளபளப்பை அவர் பார்ப்பதில்லை. சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா? ஊசி எங்கே கிடைக்கும்? பிட்டர் யார்? நின்றுபோனால் எத்தனை நாளில் ஓடும்? இவ்வளவும் கேட்டு, துணி ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார். அதே மனிதர் காரின் மூக்கில் நான்கு வளையத்தையோ மூன்று முனை நட்சத்திரத்தையோ கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்! "ஒரே ஓனர்ங்க, டாக்டர் வெச்சிருந்த வண்டிங்க, ஒரு செலவும் இல்லீங்க" என்று தரகர் சொல்லும் மூன்று வாக்கியங்களிலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது. டாக்டர் வைத்திருந்தார் என்பதால் வண்டிக்கு நோய் வராது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

வண்டியில் கவனிக்க வேண்டிய இடங்கள் சிலவற்றைச் சொல்வோம். முதலாவது, தானியங்கிக் கியர்ப்பெட்டி. வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் டி.எஸ்.ஜி. என்ற இரட்டைக் கிளட்சுக் கியர்ப்பெட்டி இருக்கிறது. ஒரு கிளட்சு ஒரு கியரில் ஓடும்போதே மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். ஆகையால் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் ஏழு கியர் கொண்ட உலர் கிளட்சு ரகம், நின்று நின்று நகரும் நெரிசலில் சூடேறிச் சிரமப்படுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இதன் எண்ணெயால் மின்பழுது நேர்ந்ததால், 2013-இல் அந்தக் கம்பெனி உலகமெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றித் தர முன்வந்தது. இந்தப் பெட்டியின் மூளை கெட்டால் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும். ஆகவே கால் மணி நேரமாவது திருப்பூர்க் கடைவீதி நெரிசலில் ஓட்டிப் பார்க்காமல் விலை பேசலாகாது.

இரண்டாவது, டைமிங் பெல்ட் என்ற பல் வைத்த ரப்பர்ப் பட்டை. பல இஞ்சின்களில் இது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி இஞ்சினே பாழாகும். இதற்குக் கிலோமீட்டர்க் கணக்கோடு வயதுக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய வண்டி என்று சந்தோஷப்படுகிறவர்கள், ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடு தட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது, இஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டம். அதன் பிளாஸ்டிக் குழாய்களும் இணைப்புகளும் சூட்டில் வெடிப்பு விடும். நான்காவது, டயர். பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்கள் இருக்கும். அவை சௌகரியந்தான்; ஆனால் விலை அதிகம், ஒட்டுப் போட்டு ஓட்டுவதும் பல சமயம் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருவதுண்டு. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கார்கள் தண்ணீரில் மிதந்ததை மறக்கக்கூடாது. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை சில சமயம் உண்மையைச் சொல்லிவிடும். கிலோமீட்டர் முள்ளைத் திருப்பியிருக்கிறார்களா என்பதை, கம்ப்யூட்டர் வைத்து வண்டியின் உள்நினைவைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்கலாம். இதற்குச் செலவிடும் சில ஆயிரம் வீண் அல்ல.

டீசல் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டில்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடலாகாது என்பதை 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2025-இல் அந்தக் கட்டு ஓரளவு தளர்ந்தது. ஆனாலும் இடைக்காலத்தில் அங்கே விலை விழுந்த பெரிய கார்கள் தெற்கே வரத் தொடங்கிவிட்டன. வாங்குகிறவர் பழைய ராஜ்யத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று பெற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். மலிவாக வந்தது வரியில் போய்விடுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

காகிதங்களிலும் கவனம் வேண்டும். வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான் காப்பு, நம் வண்டிக்கு இல்லை. முன்னவர் விபத்தில்லாமல் ஓட்டிச் சம்பாதித்த கழிவு அவருக்கே சொந்தம். வண்டியோடு நமக்கு வராது. பழுது நேரும்போது ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களின் விலையில் பாதியைத் தேய்மானமென்று கழித்துவிடுவார்கள். சீமைக் காரில் பிளாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லை! விற்கிறவருக்கும் எச்சரிக்கை உண்டு. பதிவுப் புஸ்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் மாதம் சுமார் 28 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 33,000 ரூபாய். நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்த பெட்ரோல் இப்போது வருவதால், அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் மைலேஜ் இன்னும் சிறிது குறையும். இந்தத் தொகை சிறிதல்ல. ஆனால் தெரிந்த செலவு, மாதாமாதம் பிரிந்து வரும் செலவு. ஒரு கியர்ப்பெட்டி இதுபோல் சில வருஷத்துப் பெட்ரோல் வித்தியாசத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். குடும்பத்தைத் தள்ளாடச் செய்வது முன்னறிவிப்பின்றி வரும் அந்தச் செலவுதான்.

பனியன் தொழிலை நம்பிய ஊரில் இதற்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் ஹைக்கோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மீது 50 சதவீத வரி விதித்தபோதும், திருப்பூர்க்காரர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஆர்டர் நின்றாலும் கார்க் கடனின் தவணை நிற்காது. கியர்ப்பெட்டியும் நல்ல காலம் பார்த்துக் கெடாது. அப்போது ரிப்பேருக்குப் பணமில்லாமல் கார் துணி போர்த்தி வாசலில் நிற்கும்; பெண்ணின் காலேஜ் கட்டணத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகும். அவிநாசித் தேர் ஆயிரம் பேர் வடம் பிடித்தால்தான் நகரும். தேருக்கு அது அழகு. காருக்கு அது அழகல்ல.

ஆகவே நமது யோசனை இது. கையில் எட்டு லட்சம் இருந்தால் ஆறு லட்சத்துக்குள் வண்டி பாருங்கள். மீதி இரண்டு லட்சத்தை ரிப்பேருக்கென்று தனியே போட்டு வையுங்கள். கடன் வாங்கிப் பழைய சீமைக் கார் வாங்காதீர்கள். நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் கோயம்புத்தூரில் அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் ஒருவரை முதலில் தேடிக்கொண்டு, அதன் பிறகு வண்டியைத் தேடுங்கள். வீட்டில் நம்பகமான இன்னொரு வண்டி இருந்தால் பாதகமில்லை. ஒரே வண்டியை நம்பிய குடும்பத்துக்கு இது தகாது.

அவிநாசி என்றதும் முதலை உண்ட பாலகனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீட்ட வரலாறு நம்மவர்களுக்கு நினைவு வரும். அவர் மீட்டது முதலை விழுங்கிய பிள்ளையை. கார் விழுங்கிய முதலை மீட்டுத் தர எந்தப் பதிகமும் கிடையாது. ஆகையால் "ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?" என்று வீட்டு அம்மாள் கேட்டால், அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டக்கூடிய விடை கிடைக்கும் வரையில் தகப்பனாரும் பிள்ளையும் பொறுத்திருப்பார்களாக!