கூடப் படித்தவள்

என் தோழியின் கவிதைப் புத்தகம் வெளியாகி ஐந்து மாதம் ஆகிறது. கவிதைகளும் அவளுடையவை, கறுப்பு மசியில் வரைந்த படங்களும் அவளுடையவை. அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. மதுரையில் நடந்த வெளியீட்டுக் கூட்டத்தில் மூத்த கவிஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் காரணம்: "உங்க ஃப்ரெண்டு புத்தகத்துக்கு நீங்களே எழுதுனா எப்படிம்மா?" அவர் மேடையில் பேசியது இவ்வளவுதான்: "கோலம் போடுற கை, படமெல்லாம் அம்சமா இருக்கு." கவிதைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

தோழியின் புத்தகத்தைத் தோழி பாராட்டக் கூடாது என்பது எந்த ஊர் இலக்கணம்? தமிழ் இலக்கணத்தில் அப்படி இல்லை. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுதியானவர்கள் யார் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்றுதான் உரைகாரர்கள் சொல்கிறார்கள். அந்த நூல் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்வதும் ஒரு பாண்டியனின் அவையில்தான். இதே பாண்டிய நாட்டில், கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளின் நூலை நான் பாராட்டினால் மட்டும் அது கூட்டணியாகிவிடுகிறது. ஆண்கள் நண்பர்களுக்கு எழுதும் முன்னுரைகளை இலக்கிய வரலாறு என்கிறோம். அளவுகோல் ஏன் மாறுகிறது?

அடுத்து அந்தக் 'கோலம்'. கே.எம். ஆதிமூலமும் மதுரையில் பிறந்த ட்ராட்ஸ்கி மருதுவும் எழுத்துக்குப் பக்கத்தில் வரைந்தவற்றை நாம் கோட்டோவியம் என்று மரியாதையோடு சொல்கிறோம். பெண் வரைந்தால் அது வாசலுக்குப் போய்விடுகிறது. கோலம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் கோட்டில் அழகைத் தாண்டி யோசனையும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க அந்தச் சொல் வசதியாக இருக்கிறது என்கிறேன்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணம் நடக்கும் நேரத்தில் பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது நமக்குத் தெரியும். அவளுடைய கவிதை அன்று வீட்டிலேயே இருந்துவிடும் ஓர் அம்மாவைப் பற்றியது. அம்மா பாத்திரம் கழுவுகிறாள், அரிசி புடைக்கிறாள், மதியம் தூங்குகிறாள். 'கைம்பெண்' என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லை. எதிர்ப்பக்கத்துப் படத்தில் பெண்கள் கூட்டம், எல்லோருடைய கைகளும் பிடரியில். ஓரத்தில் ஒருத்தியின் கைகள் மட்டும் தொங்குகின்றன. படத்தைப் பார்த்துவிட்டுக் கவிதைக்குத் திரும்பினால், அந்த அம்மா ஏன் அவ்வளவு நேரம் பாத்திரம் கழுவுகிறாள் என்று புரிகிறது.

மல்லிகைக் கவிதையும் அப்படித்தான். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவிதை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் விலையைப் பேசுகிறது. படத்தில் பூவே இல்லை, விடியுமுன் மொட்டுப் பறிக்கும் ஒரு கையின் கறுத்த கட்டைவிரல் நகம் மட்டும் இருக்கிறது.

குறையும் உண்டு. கடைசி ஆறு கவிதைகளில் படம் கவிதையையே திரும்பச் சொல்கிறது. பறவை என்று எழுதிய இடத்தில் பறவையை வரைந்திருக்கிறாள். அவளிடமும் சொன்னேன். "தெரியும்டீ, பிள்ளைங்களுக்குப் பரீட்சை, அவசரத்துல போட்டது" என்றாள். தோழி எழுதினால் புகழ்ச்சிதான் வரும் என்பவர்களுக்கு இதையும் சேர்த்துத் தருகிறேன்.

தோழமை எழுதாவிட்டால் என்ன ஆகும்? யாழ்ப்பாணத்தில் சிவரமணி 1991ல் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்களிடம் தப்பியிருந்த கவிதைகளைச் சித்ரலேகா மௌனகுரு தொகுத்து 1993ல் நூலாக்கியதால்தான் இன்று நாம் அவரை வாசிக்கிறோம். 2002ல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது தலைப்பைத் தாண்டிப் படிக்காமலே தீர்ப்புச் சொன்னவர்கள் பலர். நம் எழுத்தை உள்ளே புகுந்து படிப்பவர்கள் இல்லாவிட்டால் தலைப்போடும் கோலத்தோடும் கதை முடிந்துவிடும்.

போன வாரம் பேசும்போது, "இன்னொரு புத்தகமெல்லாம் வேணாம்டீ, யாரு படிக்கிறா" என்றாள் என் தோழி. என் ஐந்து மாத மௌனத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இதை வாசிக்கும் மாணவிகளே, உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பாள், வரைந்துகொண்டிருப்பாள். கேட்டு வாங்கிப் படியுங்கள். நல்லதை நல்லது என்றும் குறையைக் குறை என்றும் எழுதிக் கொடுங்கள். "ஃப்ரெண்டுக்காக எழுதுறியா?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.