இலவசத்தின் விலை

‘இலங்கையில் வைத்தியம் இலவசம்’ என்பது மேடைதோறும் முழங்கும் வாசகமாகும். 1951 இல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டமை உண்மை. அது இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு என்பதும் உண்மை. ஆயின், அப்பேற்றினையே காட்டி முதிய நோயாளரின் முறையீட்டை வாயடைப்பது எவ்வகையில் நியாயமாகும்?

மலேரியா, வயிற்றோட்டம், பிரசவ மரணம் ஆகியவற்றோடு போராடி வெற்றி கண்ட வைத்திய அமைப்பு இது. அன்று நோய் ஒன்று. அது தீர்ந்ததும் நோயாளி வீடு திரும்பினார். இன்றைய முதியவரின் நிலை வேறு. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதயநோய், சிறுநீரகப் பழுது என்பன ஓருடலிலே கூடியிருக்கின்றன; அவை தீர்வனவுமல்ல. கிளினிக்குகளோ நோய்வாரியாகப் பிரிந்து வெவ்வேறு நாட்களில் நடைபெறுகின்றன. உடல் ஒன்றாயிருக்க, அதனை உறுப்புறுப்பாகப் பங்கிட்டது யார்?

இதன் சுமை படுவான்கரையிலேயே நன்கு புலப்படும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டமை பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், உட்கிராமத்து மூதாட்டி ஒருவர் விசேட வைத்திய நிபுணரைக் காண வாவியைக் கடந்து வரவேண்டியுள்ளது. விடியுமுன் புறப்பாடு, பஸ் அல்லது முச்சக்கரவண்டிக் கூலி, துணைக்கு வரும் மகன் இழக்கும் நாட்சம்பளம்: இவற்றுக்கு வைத்தியசாலை பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. மூன்று கிளினிக்குகளெனின் இச்செலவும் மும்மடங்காகும். வயலிலும் வாவியிலும் உழைத்தவருக்கு அரச ஊழியரைப்போல உறுதியான ஓய்வூதியமும் இல்லை.

அடுத்தது மருந்து. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்து வணிகப் பண்டமன்று, மக்களின் தேவை என்னும் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, துண்டுடன் தனியார் மருந்தகத்துக்குச் சென்றவர்கள் அக்கொள்கையின் அருமையை உணர்ந்திருப்பர். மாத்திரையைப் பாதியாக்கி உண்பது சிக்கனமன்று. நாளைய பக்கவாதத்துக்கு இன்றே இடும் முற்பணம் அது.

பணம் மட்டுமா இழப்பு? மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி குருதியமுக்கத்தை உயர்த்தும். பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் சிதைக்கும். கிளினிக் ஒவ்வொன்றும் தன் நோயை மாத்திரம் பார்த்தால், முழு மனிதரைப் பார்ப்பவர் எவர்?

‘வளம் போதாது’ என்பர் சிலர். கேட்கப்படுவது புதிய மாளிகையன்று. மகிழடித்தீவு, மண்டூர் முதலிய இடங்களின் பிரதேச வைத்தியசாலைகளில் முதியோருக்கென ஒரே நாளில் ஒருங்கிணைந்த கிளினிக். எல்லா மருந்துகளையும் ஒருவரே ஒருங்கு நோக்கும் ஒரே கொப்பி. ஒரு மாதத்துக்குரிய மருந்து முழுமையாகக் கையில். இவை சலுகைகளல்ல. ஊரின் நெல்லையும் மீனையும் உண்டு வளர்ந்த சமூகம் அவற்றை விளைவித்தவருக்குச் செலுத்தவேண்டிய கடனாகும். அக்கடன் தீரும்வரை, ‘இலவசம்’ என்னும் சொல் படுவான்கரை முதியவருக்கு வெறுஞ்சொல்லே.