கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்று நான் நடத்திய பாடம்



'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை' என்று உங்களில் பலருக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இன்று அதில் முதல் பாதியை அழிக்க வேண்டியிருக்கிறது.

2021 பொங்கல் சமயத்து மழையில், முற்றிய சம்பாக் கதிர் வயலில் சாய்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், தை மாதத்தில், அறுவடைக்கு நின்ற பயிர் மறுபடியும் தண்ணீரில் கிடந்தது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2022-ல் மே 24 அன்றும் 2024-ல் ஜூலை 28 அன்றும் திறந்தார்கள். தண்ணீர் முன்னே பின்னே வந்தால் நாற்று விடுவதும் அறுப்பதும் கூடவே நகரும்.

வானத்தைத் திட்டிப் பயனில்லை. என் கோபம் மாறாத விதியின் மேல்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை பெய்துவிட்டால்? மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். அப்புறம் உத்தரவு வரும். 2023-ல் 22 கேட்டார்கள். 20 வரை கிடைத்தது. இந்தக் காகிதமெல்லாம் வந்து சேரும்வரை ஈர நெல் காத்திருக்காது. முளைத்துவிடும்.

அந்த வருஷம் என் தம்பி நெல்லை ரோட்டில் கொட்டிக் காய வைத்தான். வெயிலுக்கு விரிப்பான், மேகம் கூடினால் படுதா போடுவான். ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான்.

"ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும் சார்" என்று அரசு வேலையில் இருக்கும் மாணவர் ஒருவர் சொன்னார். உண்மைதான் தம்பி, நெல் காயத்தான் வேண்டும். ஆனால் காய வைக்கும் பாடு முழுவதும் விவசாயி தலையில் ஏன்? ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் மேற்கூரையும், பக்கத்திலேயே நெல் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். அறுவடை மாதத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை பதிவானால் தளர்வு தானாக அமலுக்கு வரும் என்று முன்கூட்டியே விதியில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையேந்த வைக்கக் கூடாது.

"பருவநிலை மாற்றம், நாம என்ன பண்ண முடியும்" என்று நம் குடும்பக் குழுவில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை நம் கையில் இல்லை. 17 என்ற எண் மனிதர்கள் எழுதியது, மனிதர்கள் திருத்தலாம். அலுவலகங்களில் இருக்கும் என் பிள்ளைகளே, அதைக் கேட்டு எழுதுங்கள். நாற்பது வருஷம் நடத்திய பாடத்தையே நான் திருத்திக்கொண்டேனே.

— உங்கள் பழைய வாத்தியார்